ஆற்றுவாழை ஒதுங்கிய இடங்கள்

மகன்,

உனக்கு என் ஸலாம். நீ ஆராய்ச்சிக்கென்று விமானம் ஏறிப் போன பிறகு உன்னோடு எத்தனையோ தடவை போனில் கதைத்துவிட்டேன். குளிருக்கு உடுப்புக் காணுமா, அறை கிடைத்ததா, ஹலாலாகச் சாப்பிட ஏதும் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். மனதில் கிடந்த ஒன்றையும் கதைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. அதை உடனே உனக்குச் சொல்ல நான் போனை எடுத்தபோது உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல சொல்லாதீங்க. கேட்டு அழுதானெண்டா அங்க ஆரு இரிக்கா அவனுக்கு? எழுதுங்க, ஆறுதலா இரிந்து வாசிக்கட்டும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் பக்கத்தில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

நடந்ததை மட்டும் சொன்னால் போதாது. உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து, முதலில் இருந்தே சொல்லப்போகிறேன். அந்த நாட்களில் நீ மீசை அரும்பிய பிள்ளை. நீ செய்தவை உனக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது உனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் சவளக்கடை வட்டையில் நம் வயலில் நின்றேன். பெரும்போக வெள்ளாமை முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. நம் வயலை என்னோடு சேர்ந்து செய்கிற வடிவேல் வரம்பில் ஓடி வந்து, "காக்கா, கடல் ஊருக்குள்ள ஏறிட்டாம்" என்றார். கடல் எப்படி ஏறும் என்று நான் அவரிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் பதில் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஆற்றைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதியில் எதிரே ஆட்கள் நனைந்த உடுப்போடு ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் ஒரு கோழி இருந்தது. ஏன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

நம் வீடு தோணாவுக்குப் பக்கம். மழைத் தண்ணீரைக் கடலுக்கு இறக்குகிற அந்த ஓடை வழியாகத்தான் கடல் அன்று ஊரைத் தாண்டி, பின்பக்கத்து வயல்கள் வரைக்கும் போனது. உம்மா அடுத்த வீட்டு மாடிப்படியில் இருந்தாள். நீ பிரதான வீதியில் டியூஷனில் இருந்ததால் தப்பினாய். உன் தங்கச்சி ஹஸ்னா கடற்கரைப் பக்கத்து மத்ரஸாவுக்கு ஓதப் போயிருந்தாள். நாம் போய்ப் பார்த்தபோது மத்ரஸா இல்லை. கழுவிவிட்ட சீமெந்துத் தரைதான் கிடந்தது.

அன்றும் மறுநாளும் ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் முற்றம், பாடசாலை மண்டபம் என்று ஜனாஸாக்கள் வைத்திருந்த இடமெல்லாம் போனோம். நான் சீலைகளை விலக்கி விலக்கி முகம் பார்த்தேன். பிறகு என்னால் முடியாமல் ஊருக்குப் பின்னால் கரைவாகு வட்டை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ உட்காரவில்லை. வயலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாய். தோணாத் தண்ணீரில் மிதந்து மூடிக் கிடந்த ஆற்றுவாழைச் செடியைக் கடல் பிய்த்துத் தூக்கி வந்து வயலிலும் வேலியிலும் தென்னை மரங்களின் அடியிலும் திட்டுத் திட்டாகப் போட்டிருந்தது. ஊதாப் பூக்கள்கூட உதிரவில்லை.

"வாப்பா, இஞ்ச பாருங்க. ஆத்துவாழ ஒதுங்கிக் கெடக்கிற எடத்துலதான் எல்லாம் ஒதுங்கிக் கெடக்கு. தண்ணி எல்லாத்தையும் ஒரே பாதையாலதான் கொண்டு போயிரிக்கி. அதுக்குள்ள பாக்கணும்."

நீ இறங்கினாய். முதல் திட்டில் பானை சட்டிகளும் செத்த ஆடொன்றும் இருந்தன. இரண்டாவதில் ஒரு தாய் இருந்தாள். நாம் அவளை வரம்பில் கிடத்தி என் சால்வையால் மூடினோம். அதற்குப் பிறகு நீ நிற்கவே இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், எங்கே வேகம் குறைந்திருக்கும், எந்த வேலி தடுத்திருக்கும் என்று யோசித்து யோசித்துப் போனாய். நீ கைகாட்டிய இடங்களில் உடல்கள் கிடந்தன. செய்தி பரவி, பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் வந்தார்கள். "செடி பாத்துச் சொல்ற பொடியன் எங்க?" என்று கேட்டார்கள். காரைதீவில் இருந்து வந்த ஒருவருக்கு அவருடைய மகளை நீதான் எடுத்துக் கொடுத்தாய். அந்த மனுசன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சேற்றில் நின்ற உன் காலைத் தொட்டார். நீ பதறி விலகி அடுத்த திட்டுக்குப் போனாய்.

ஒவ்வொரு முறையும் நீ செடியை விலக்கும்போது நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அவளாக இருக்க வேண்டும் என்றும், அவளாக இருந்துவிடக் கூடாது என்றும் ஒரே மூச்சில் துஆக் கேட்டேன். எந்த துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எத்தனையோ பேருடைய பிள்ளைகளை எடுத்துக் கொடுத்தாய். நம் பிள்ளை கிடைக்கவில்லை.

மௌலவி வீட்டுக்கு வந்து, காயிப் ஜனாஸாத் தொழுகை வைப்போம், உடல் கிடைக்காதவர்களுக்கும் அப்படித் தொழலாம் என்று சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், வெளியே வந்துவிட்டாள். "மவுத்தாப் போனத ஆரு கண்ட? காணாத ஒண்டுக்குத் தொழ நான் விடமாட்டன்." அதன் பிறகு யாரும் அவளிடம் அந்தக் கதையை எடுக்கவில்லை. கடற்கரை ஓரத்தில் இருந்தவர்கள் உள்ளே குடிபோனார்கள். அவள் வரமாட்டேன் என்றாள். நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஹஸ்னாவுக்கு என்று அத்திவாரம் போட்டு, கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. "புள்ள திரும்பி வந்தா எந்த வாசலுக்கு வருவாள்?" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். நாம் அங்கேயே இருந்துவிட்டோம்.

நீ அப்போது தோணாவுக்கும் வட்டைக்குமாக நடந்துகொண்டிருந்தாய். உப்புத் தண்ணீர் பட்ட ஆற்றுவாழை எல்லாம் பழுப்பாகிக் கருகிப்போனது. கடல் செய்த ஒரே நன்மை இது என்று ஊரில் சொன்னார்கள். நீ சிரிக்கவில்லை. "விதை சேத்துக்குள்ள கெடக்கு வாப்பா. மழை பெஞ்சி தண்ணி உப்பு மாறட்டும், பாருங்க" என்றாய். அடுத்த மாரி வந்தது. தோணா மறுபடி பச்சையானது. அந்தச் செடி உன்னைப் பிடித்துக்கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். டொக்டராக வேண்டும் என்று படித்த பிள்ளை, பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்தில் தாவரங்களைப் படிக்கப் போனாய். சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து கவலைப்பட்டார்கள். நான் கவலைப்படவில்லை. நீ எதைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்த பிறகுதான் உன் வேலை உண்மையில் தொடங்கியது. அதுவரை சவளக்கடைக்கு அங்கால் உள்ள குளங்களுக்கு யாரும் நினைத்தபடி போக முடியாது. வழி நெடுகச் சோதனைச் சாவடிகள், கண்ணிவெடிப் பயம். நம் வயலையே வடிவேலின் நம்பிக்கையில் விட்டுவிட்டு எத்தனை போகம் பார்க்காமல் இருந்தேன். பாதை திறந்ததும் நீ லீவில் வந்து, வடிவேலின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக் குளம் குளமாகப் போனாய். தண்ணீரின் சூட்டைப் பார்த்தாய், உப்பைப் பார்த்தாய், ஆழம் பார்த்தாய், எங்கே செடி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தாய். இல்லாத இடத்தையும் ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறான் என்று வடிவேல் என்னிடம் கேட்டார். அந்த நாட்களில் அவர் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவருடைய மனம் உன்னோடு குளக்கரையில் இருக்கவில்லை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போன அவருடைய மகன் வீடு திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். உன் வயதுப் பொடியன். உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் என்ன நினைத்திருப்பார் என்று நீ யோசித்ததுண்டா?

பிறகு அந்த வரைபடத்தைக் கொண்டுவந்தாய். வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் கூட்டிய கூட்டத்தில் அதை விரித்து வைத்துச் சொன்னாய். உலகத்தில் எங்கெங்கே ஆற்றுவாழை வாழ்கிறது, அங்கே எவ்வளவு வெயில், எவ்வளவு மழை, எவ்வளவு உப்பு என்பதை எல்லாம் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, இனி வரப்போகிற காலத்தில் நம் பக்கத்தில் எந்த இடம் அப்படி மாறும் என்று கேட்டிருந்தாய். கடலோரத்தில் உப்பு ஏற ஏறச் செடி அங்கே குறையும் என்றாய். காலம் தப்பிப் பெய்கிற மழையால் மேல் வாய்க்கால் இனிக் கோடையிலும் காயாமல் கிடக்கும், காயாத வாய்க்காலில் அது குடியேறும் என்றாய். படத்தில் நம் வயலுக்கு மேலே, செடி இனி வாழக்கூடிய இடம் என்று சிவப்பு நிறம் இருந்தது.

"தம்பி, வரும் எண்டு சொல்றியா, வராது எண்டு சொல்றியா? ஒண்டச் சொல்லு" என்று ஒருவர் கேட்டார்.

"வரும் எண்டு நான் சொல்லல்ல. வந்தா இனி இஞ்ச வாழும் எண்டு சொல்றன். முன்ன வந்தாலும் செத்துப் போகும். மதகடியில இப்பயே கொஞ்சம் கெடக்கு. அத எடுத்திட்டா நல்லம்."

"அப்ப வராமலும் போகலாம்?"

"போகலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வராமலும் போகக்கூடிய ஒன்றுக்காக வேலையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவதா என்று எழுந்து போனார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வரும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்கு வரும் வழியில் உன்னைக் கடிந்துகொண்டேன். "தெரியாதத தெரியும் எண்டு சொல்லேலா வாப்பா" என்றாய். அடுத்த மாரியில் வெள்ளம் வந்தது. மதகடிச் செடி பெருகி வாய்க்காலை அடைத்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல், கதிர் வெளிவருகிற நேரத்தில் வெள்ளாமை நின்ற நிலையிலேயே அழுகியது. சிரித்தவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். நீ யாரையும் குத்திக் கதைக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கிச் செடி இழுத்தாய். அங்கேயும் இப்படித்தான் இரு. பெரிய பெரிய ஆட்கள் உன்னிடம் ஒரே சொல்லில் பதில் கேட்பார்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் சொல். அதற்காக நான் உன்னைக் கடிந்தது சரியில்லை.

நீ பயணம் போகிறதற்கு முதல்நாள் பின்னேரம், உன் பெட்டியை உம்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் விறாந்தையில் இருந்தேன். அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"மகன், ஒரு செடி இன்னும் அம்பது வரிசத்தால எங்க போகும் எண்டு சொல்றாய். உன்ட தங்கச்சி எங்க எண்டு மட்டும் ஏன் சொல்றாயில்ல?"

எனக்கு உள்ளே வரத் தோன்றியது, வரவில்லை. பிறகு உன் குரல் கேட்டது. "உம்மா, செடி எங்க இரிக்கி எண்டு நான் சொல்றல்ல. அதால எங்க வாழேலும், எங்க வாழேலா எண்டு மட்டும்தான் சொல்றன். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியா." அவள் மறுபடி உடுப்பு மடிக்கத் தொடங்கினாள். மறுநாள் வேனில், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாகிக்கொண்டு வருகிறது, உப்பு இன்னும் ஏறும், உம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்று எனக்கு மெதுவாகச் சொன்னாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ போன பிறகு ஒரு நாள் வடிவேலின் மனைவி பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். வவுனியாப் பக்கம் போய்விட்டு வந்திருந்தாள். முகாம்கள், தடுத்து வைத்திருக்கிற இடங்கள் என்று யாராவது எங்கேயாவது சொன்னால் போதும், மகனின் படத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறாள். இந்த முறையும் வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தாள். "ஒரு பொடியன் சொன்னான் அக்கா, இவனப் போல ஒருத்தன மறியல்ல கம்பிக்குப் பின்னால கண்டதாம். இவன்தானோ என்னவோ. அடுத்த மாசம் மறுவா போறன்" என்றாள். உம்மா அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்து, சாப்பிட்டு முடிகிறவரை பக்கத்தில் இருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்து, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். போகும்போது, "விடாத பாக்கியம், தேடு" என்றாள்.

பாக்கியம் போன பிறகு உம்மா வாசலிலேயே நின்றாள். நான் அஸர் தொழுகைக்கு ஒளூச் செய்துவிட்டு வந்தபோதும் அங்கேதான் நின்றாள்.

"பாக்கியத்துட மகன் உசிரோட இரிக்கிறத்துக்கு ஒரு எடமிரிக்கி" என்றாள். "முகாமிரிக்கி, மறியலிரிக்கி. வெளிய வரேலாம, ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பேலாம அவன் எங்கயும் இரிக்கலாம். எங்கட புள்ளக்கி அப்பிடி ஒரு எடமிரிக்கா?"

நான் அவளுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"உசிரோட இரிந்தா அவளுக்கு வாயிரிக்கி, காலிரிக்கி. வாப்பாட பேர் தெரியும், ஊர்ட பேர் தெரியும். என்னட்ட வராம அவளால இரிக்கேலா. மகன் சொல்லிட்டுப் போன நாள்லயிரிந்து நான் ஒவ்வொரு எடமா யோசிச்சிப் பாத்திட்டன். அவள் வாழுற மாதிரி ஒரு எடமும் இல்ல."

அழவில்லை, மகன். ஒரு கணக்கைப் போட்டு முடித்தவளைப் போலச் சொன்னாள். அதன் பிறகு, "வெள்ளிக்கிழமைக்கு மௌலவிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான்தான் தொழுகைப் பாயில் இருந்து அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உன் தங்கச்சிக்குக் காயிப் ஜனாஸாத் தொழுதோம். மௌலவி அவளுடைய பெயரையும் என் பெயரையும் சொன்னபோது செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தவர்கள் கூடத் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். நான்கு தக்பீரும் முடிந்து ஸலாம் கொடுத்தபோது, கப்ருக்குள் மண் போட்டுவிட்டு வந்தவனைப் போல என் கைகள் கனத்தன. வீட்டில் உம்மாவும் தொழுதிருந்தாள். மேட்டுப் பக்கத்தில் சின்ன வளவொன்று பார்க்கச் சொல்லிவிட்டாள். இந்த வீட்டைப் பூட்டி வைக்க வேண்டாம், குமர்ப்பிள்ளை உள்ள ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்போம் என்றாள். உப்புத் தண்ணீரை நினைத்து நான் தயங்கினேன். அதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிக் கொடுப்போம் என்றாள்.

உன்னைக் கேட்காமல், நீ இல்லாமல் தொழுதுவிட்டோம். உனக்காகக் காத்திருந்தால் அவளுடைய மனம் மறுபடி மாறிவிடுமோ என்று பயந்தேன். நீ உன் அறையில் தனியாக இருந்து இதை வாசிப்பாய். வாசித்து முடித்ததும் ஒளூச் செய்துகொண்டு உன் தங்கச்சிக்காகத் தொழு. அவளை நீ கண்டுபிடிக்கவில்லை என்ற எண்ணத்தை இத்தனை காலமும் சுமந்துகொண்டு திரிகிறாய். நீ எங்களிடம் சொன்னதில்லை, ஆனால் எந்த ஆற்றங்கரையிலும் நீ நிற்கிற நிலையிலேயே அது தெரியும். அதை இறக்கி வை. உன் செடிகளை இனிச் செடிகளாகவே பார். மனதுக்குப் பிடித்த பெண் யாரும் இருந்தால் உம்மாவிடம் சொல். அவள் இப்போது கேட்பாள்.

தொழுது முடித்ததும் அறைக்குள் இராதே. வெளியே போய் யாரோடாவது இருந்து சாப்பிடு. மவுத்தான வீட்டில் அன்று அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும்தானே. வெள்ளிக்கிழமை பின்னேரம் நம் தெருவில் இருந்து ஒவ்வொருவராகச் பெரிய சகன் தட்டுகளில் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனை வருசத்துக்குப் பிறகும், இன்றைக்குத்தான் அவள் போனதைப் போலக் கொண்டுவந்தார்கள். உம்மா ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து என்னிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்கு அங்கே யார் சோறு கொண்டுவந்து தருவார்கள் என்று.

வாப்பா